கல்விக்கடன் தவணை வந்து நிற்கிறது, வேலை வரவில்லை: டெல்டா வீட்டுக்கு எந்த வழி நல்லது?

சித்தப்பா மகள் பொறியியல் முடித்து ஒரு வருடம் ஆகப்போகிறது. வருகிற ஜூன் மாதம் அவளுடைய கல்விக்கடனுக்குத் தவணை தொடங்குகிறது. மேட்டூரில் தண்ணீர் திறக்கிற அதே மாதம். உழவு, விதை, நாற்று என்று வீட்டிலிருந்து பணம் வெளியே போகிற நேரம் அது, உள்ளே வருகிற நேரம் இல்லை. வேலை இன்னும் அமையவில்லை. போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து எல்லோரும் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

அவள் கல்யாணத்துக்கென்று சேர்த்த நகையை அடகு வைத்து ஒரேயடியாக அடைத்துவிடலாம் என்பது சித்தப்பாவின் யோசனை. சித்திக்கு அதில் மனமில்லை. ஒரு ஏக்கரை ஒத்திக்கு விடலாம் என்கிறார். அவளுடைய தாய்மாமா, "குரூப் 4 எழுது, வேலை கிடைச்சதும் கட்டிக்கலாம்" என்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர், "எதுக்கும்மா கட்டுற, தேர்தல் வந்தா தள்ளுபடி ஆயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் என்னிடம், "அண்ணா, நீங்க இதையெல்லாம் பாத்தவங்க. எது சரி?" என்று கேட்டாள்.

நான் பார்த்தவன்தான். பாபநாசம் பக்கத்தில் எங்கள் ஊர். 2021-ல் பி.இ. மெக்கானிக்கல் முடித்தேன். நான்கு வருடத்துக்கும் சேர்த்து 4 லட்சம் கடன். 2022 ஜூலையில் தவணை தொடங்கியது. ஐந்து மாதம் வங்கிப் பக்கமே போகவில்லை, அங்கிருந்து வந்த அழைப்பை எடுக்கவும் இல்லை. இன்றும் அந்தக் கடனைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அன்று அவளிடம் சொன்னதையும், சொல்ல நேரம் போதாததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அவளைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டெல்டாவில் ஒரு சம்சாரி வீட்டில் என்னென்ன கடன் இருக்கும்? கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடன், நகைக்கடன், மகளிர் குழுக் கடன், உரக்கடைப் பாக்கி, கைமாற்று, சில வீடுகளில் வட்டிக்கு வாங்கியது. கெடு தவறாமல் கட்டினால் வட்டியே இல்லாத கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளி வைத்தால், மீதி எல்லாவற்றிலும் மிருதுவான கடன் கல்விக்கடன்தான். அதற்குத்தான் நீண்ட கெடு. அதற்குத்தான் வேலை இல்லாத காலத்துக்கென்று எழுதி வைத்த சலுகை உண்டு. அந்த மிருதுவான கடனை அடைப்பதற்காகக் கெட்டியான கடன் ஒன்றை வாங்குவது சரியில்லை. கீழே வருகிற எல்லா ஒப்பீட்டிலும் நான் இதை வைத்துத்தான் அளக்கிறேன்.

கணக்கு

கணக்கு எளிதாக இருக்க வட்டியை வருடத்துக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் நூற்றுக்கு மாதம் 83 காசு. வருடத்துக்கு 1 லட்சம் வீதம் நான்கு வருடம் வாங்கினால், படிக்கிற காலத்திலும் அதற்குப் பின் வருகிற ஒரு வருடச் சலுகைக் காலத்திலும் தனி வட்டி ஓடும். முதல் லட்சத்துக்கு ஐந்து வருடம், இரண்டாவதுக்கு நான்கு, மூன்றாவதுக்கு மூன்று, கடைசி லட்சத்துக்கு இரண்டு. மொத்த வட்டி 1,40,000 ரூபாய். தவணை தொடங்கும் நாளில் இந்த வட்டி அசலோடு சேர்ந்துவிடும். அன்றைக்கு நீங்கள் கட்ட வேண்டிய கடன் 4 லட்சம் அல்ல, 5,40,000.

இதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 7,140 ரூபாய். பதினைந்து வருடம் என்றால் சுமார் 5,800. மாதத்துக்கு 4,500 கட்டினால் வட்டி மட்டும்தான் கழியும், அசல் அப்படியே நிற்கும். இந்த மூன்று எண்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வழியைத் தேர்ந்தாலும் பேச்சு இவற்றைச் சுற்றித்தான் வரும்.

சலுகைக் காலம் இன்னும் முடியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது ஓடுவது தனி வட்டி. 4 லட்சத்துக்கு மாதம் 3,333 ரூபாய். டியூஷன் எடுத்தோ, கடையில் கணக்கு எழுதியோ மாதம் ஆயிரம் ரூபாய் இப்போதே கட்டினாலும் அந்தத் தொகை அசலில் ஏறாது. சித்தப்பா மகள் இந்த மாதத்திலிருந்து அதைத் தொடங்கிவிட்டாள்.

மத்திய அரசின் வட்டி மானியத்தையும் விசாரித்துவிட வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, தரத்துக்கான அங்கீகாரம் உள்ள கல்லூரியில் தொழிற்கல்வி படித்திருந்தால், படிப்புக் காலமும் அடுத்த ஒரு வருடமும் ஓடுகிற வட்டியை அரசே கட்டுகிற திட்டம் 2009-10 முதல் இருக்கிறது. உங்கள் கணக்கில் அது வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று கிளையில் கணக்கு விவரம் வாங்கிப் பாருங்கள். மேலே சொன்ன 1,40,000 இருக்குமா இருக்காதா என்பது இந்த ஒரு விஷயத்தில் நிற்கிறது. என் கல்லூரிக்கு அந்த அங்கீகாரம் இல்லை, எனக்குக் கிடைக்கவில்லை. வேறு கல்லூரியில் படித்த என் நண்பனுக்குக் கிடைத்தது. தவணை தொடங்கிய அன்று அவன் கடன் அசல் அளவிலேயே நின்றது.

தள்ளுபடிக்காகக் காத்திருக்கலாமா?

பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறார். 2021 பிப்ரவரியில் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது. 16.43 லட்சம் விவசாயிகள் பயன்பெற்றார்கள். எங்கள் தெருவிலேயே அந்தச் சான்றிதழ் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அது நடந்ததால் இதுவும் நடக்கும் என்று நினைப்பது இயல்பு.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பயிர்க்கடனைக் கொடுத்தவை கூட்டுறவுச் சங்கங்கள். அவை மாநில அரசின் மேற்பார்வையில் இருப்பவை. தொகையை மாநில அரசு ஏற்றுக்கொண்டால் அங்கே கணக்கு தீர்ந்துவிடும். கல்விக்கடனில் பெரும்பகுதி கொடுப்பவை பொதுத்துறை வங்கிகள். அவற்றின் கணக்கை மாநில அரசு ஓர் அரசாணையால் மூட முடியாது, வங்கிகளுக்குப் பணத்தைக் கொடுத்தால்தான் முடியும். அப்படி நடக்காது என்று நான் சொல்ல வரவில்லை. அது நடக்கும் நாள் வரை உங்கள் பெயருக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். ஒரு வருடம் எதுவுமே கட்டாவிட்டால் 5,40,000-த்தின் மேல் சுமார் 56,000 ரூபாய் ஏறும். பணத்தைவிடப் பெரிய சேதம் சிபில் அறிக்கையில், அதாவது யார் கடனை ஒழுங்காகக் கட்டினார்கள் என்று வங்கிகள் பார்க்கிற பதிவில். கல்விக்கடனில் அப்பாவோ அம்மாவோ இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், ஆகவே அவர்கள் பெயரும் சேர்ந்தே கெடும்.

எங்கள் வீட்டில் நடந்தது இது. 2022 குறுவை நெல்லை அப்பா கொள்முதல் நிலையத்தில் போட்டார். பணம் நேராக அவருடைய வங்கிக் கணக்கில் ஏறும், தெரிந்ததுதான். கல்விக்கடன் இருந்ததும் அதே வங்கியில். பணம் ஏறிய சில நாளில் என் தவணைப் பாக்கி 35,000 ரூபாய்க்கு மேல் அதிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. அப்பா சம்பா நடவுக்கும் உரத்துக்கும் நம்பியிருந்த பணம் அது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. உரக்கடையில் கடன் சொல்லிவிட்டு வந்து படுத்துவிட்டார். இணைக் கடனாளி என்ற கையெழுத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

இன்னொன்று. வேலை இல்லாதவர்கள் பலர் வங்கித் தேர்வுக்குத்தான் படிக்கிறார்கள். கடனைத் திருப்பிக் கட்டத் தவறியவர்கள், சிபிலில் பாதகமான குறிப்பு உள்ளவர்கள் நியமனத்துக்குத் தகுதியற்றவர்கள் என்று பாரத ஸ்டேட் வங்கியின் ஆள்சேர்ப்பு அறிவிப்பிலேயே ஒரு வரி வரும். மாவட்டத் தொழில் மையம் வழியாகச் சொந்தத் தொழில் தொடங்க மானியக் கடன் கேட்டாலும் கடைசியில் கையெழுத்துப் போட வேண்டியது வங்கிதான், அங்கும் சிபில் பார்ப்பார்கள். வேலைக்கும் தொழிலுக்கும் போகிற வழிகளையே இது அடைத்துவிடுகிறது. அதனால் கட்டாமல் சும்மா இருப்பதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை.

நகையும் நிலமும்

சித்தப்பா சொல்கிற நகைக்கடனை வட்டியை வைத்து மட்டும் பார்த்தால் தவறாகத் தெரியாது. வங்கியில் வைத்தால் வட்டி கல்விக்கடன் வட்டியை ஒட்டித்தான் இருக்கும். தனியார் அடகு நிறுவனங்களில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய், இரண்டு ரூபாய் என்று போகும். வித்தியாசம் கெடுவில் இருக்கிறது. நகைக்கடன் பொதுவாக ஒரு வருடக் கடன். வருடம் முடியும்போது முழுத் தொகையையும் வட்டியோடு கட்டி மீட்க வேண்டும், அல்லது வட்டியைக் கட்டித் திருப்பி வைக்க வேண்டும். முடியாவிட்டால் ஏல நோட்டீஸ். பத்து பதினைந்து வருடம் மெல்ல அடைக்க அனுமதி உள்ள கடனை ஒரு வருடக் கடனாக நாமே மாற்றிக்கொள்கிறோம். வேலை எப்போது வரும் என்று தெரியாத பெண்ணுக்கு அது பொருத்தமா? அதுவும் அவளுடைய நகை!

ஒரே ஓர் இடத்தில் நகையை நான் ஒப்புக்கொள்வேன். வேலைக்கான ஆணை கையில் வந்துவிட்டது, சேர இரண்டு மாதம் இருக்கிறது, அதற்குள் கணக்கு 90 நாளைத் தாண்டிவிடும் என்றால், அந்த இரண்டு மூன்று தவணைக்கு மட்டும் ஒரு சங்கிலியை வங்கியில் வைக்கலாம். முழுக்கடனையும் அடைக்க வேண்டாம்.

நிலம் இன்னும் பெரிய விஷயம். 4 லட்சம் வரையிலான கல்விக்கடனுக்குச் சொத்துப் பிணையம் எதுவும் வாங்குவதில்லை. 7.5 லட்சம் வரை அரசின் கடன் உத்தரவாத நிதித் திட்டம் இருக்கிறது. ஆக, பெரும்பாலான வீடுகளில் கல்விக்கடனுக்கும் நிலப் பத்திரத்துக்கும் சம்பந்தமே கிடையாது. வங்கி சிவில் வழக்குப் போட முடியும், அது உண்மை. ஆனால் நீதிமன்றத்துக்குப் போகாமலே சொத்தைக் கைப்பற்ற வங்கிகளுக்கு அதிகாரம் கொடுக்கும் 2002-ஆம் ஆண்டுச் சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டத்தின் 31-ஆம் பிரிவே விலக்கு அளிக்கிறது. இப்படித் தள்ளி நிற்கிற நிலத்தை நாமே கொண்டுபோய் ஒத்தி வைத்தால், கல்விக்கடன் தீரும், ஒரு ஏக்கரின் விளைச்சல் போகும், ஒத்திப் பணத்தைத் திருப்பும் வரை நிலம் கைக்கு வராது. சித்தியிடம் இதை விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நெலத்தைப் பத்திப் பேசவே வேண்டாம்" என்றார்.

வட்டிக்கு வாங்கி அடைப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மூன்று ரூபாய் வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். கந்துவட்டிக்கு எதிராக 2003-லிருந்து தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இருக்கிறது, கொடுமை நடந்தால் புகார் கொடுக்கலாம். ஆனால் அந்த வாசலுக்கே போகாதிருப்பது நல்லது.

வங்கிக்குப் போய் உட்காருவது

நான் சொல்கிற வழி இது. எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தைத்தான் பொதுத்துறை வங்கிகள் பெரும்பாலும் தழுவிக் கடன் தருகின்றன. அதன்படி, வேலை இல்லாத காலம், படிப்புக்கேற்ற வேலை கிடைக்காத காலம் ஆகியவற்றுக்காகக் கடன் முடிவதற்குள் இரண்டு மூன்று முறை தவணையைத் தள்ளிவைக்கலாம். திருப்பிச் செலுத்தும் காலம் 15 வருடம் வரை போகலாம். முதல் சில வருடம் குறைந்த தவணை, சம்பளம் ஏற ஏறத் தவணையும் ஏறுவது போல அமைக்கவும் இடம் உண்டு. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது.

இதை யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும், எழுத்தில் கேட்க வேண்டும். வாயால் கேட்டால் "பாக்கலாம்" என்பதோடு முடியும். கடிதம் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்கினால் அது ஒரு விண்ணப்பம். கணக்கு வாராக்கடன் ஆவதற்கு முன் கேட்பதற்கும் பின் கேட்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முன்பு போனால், "தம்பி, வேலை தேடிட்டு இருக்கீங்களா, என்ன முயற்சி பண்ணிருக்கீங்க" என்று கேட்பார்கள். பின்பு போனால், "முதல்ல பாக்கியைக் கட்டுங்க" என்றுதான் பேச்சு தொடங்கும். ஐந்தாவது மாதம் போன எனக்கு இரண்டாவதுதான் கிடைத்தது. ஆனாலும் பேசி, முதல் வருடம் வட்டி அளவுக்கான 4,500, அதன்பின் 15 வருடக் கணக்கில் தவணை என்று முடித்துக்கொண்டேன்.

இந்த வழிக்கும் விலை உண்டு. 5,40,000-ஐப் பத்து வருடத்தில் அடைத்தால் மொத்தம் சுமார் 8.56 லட்சம் கட்டுவீர்கள். பதினைந்து வருடம் என்றால் சுமார் 10.45 லட்சம். ஏறக்குறைய 1.9 லட்சம் அதிகம். கடன் மறுசீரமைக்கப்பட்டது என்ற குறிப்பும் சிபில் அறிக்கையில் வரலாம். தெரிந்தேதான் நான் இதைச் சொல்கிறேன். நீண்ட கெடுவை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அந்தக் கெடு முழுக்க இழுக்காதீர்கள். நம் வீடுகளில் பணம் மாதாமாதம் வருவதில்லை. குறுவைக்கு ஒருமுறை, பொங்கல் தாண்டிச் சம்பாவுக்கு ஒருமுறை என்றுதான் வருகிறது. மாதத் தவணையைச் சின்னதாக வைத்துக்கொண்டு, அறுவடை நன்றாக இருந்த வருடம் ஒரு பத்தாயிரம் இருபதாயிரம் அசலில் கட்டினால் கெடு தானாகச் சுருங்கும். வெள்ளம் வந்து படுத்த வருடம் சின்னத் தவணையோடு சமாளிக்கலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். கூடுதலாகக் கட்டும்போது "அசலில் வரவு வையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள்.

கிளையில் பதில் வராவிட்டால் வங்கியின் மண்டல அலுவலகத்துக்கு எழுதலாம். மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் போகலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். வங்கிக்குப் புகார் கொடுத்து 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே இலவசமாகப் புகார் செய்யலாம். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கி விதி. வாசலில் நின்று அவமானப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. இதை அம்மா அப்பாவிடமும் சொல்லி வையுங்கள், பாதி பயம் குறையும்.

எந்த வேலை, எங்கே?

தவணை சின்னதாகிவிட்டது. அதைக் கட்ட வருமானம் வேண்டும். இங்கே இருப்பதா, வெளியூர் போவதா, தேர்வுக்குப் படிப்பதா?

சின்னக் கணக்கு ஒன்று. கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ 11,000 சம்பளத்தில் ஒரு வேலை என்று வைத்துக்கொள்வோம். பஸ், மதியச் சாப்பாடு, போன் 3,000. வீட்டுக்கு 3,000. மிச்சம் 5,000. சென்னையில் 18,000 என்றால், சாப்பாட்டோடு விடுதி 7,500, போக்குவரத்து 1,500, போனும் மற்றதும் 2,000, ஊருக்கு வந்து போக 1,000. மிச்சம் 6,000, வீட்டுக்கு எதுவும் கொடுக்காமலே. ஏழாயிரம் ரூபாய் சம்பள வித்தியாசம் மிச்சத்தில் ஆயிரமாகச் சுருங்கிவிட்டது. ஆகவே முதல் வருடச் சம்பளத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். இரண்டாவது வருடம் அந்த வேலை உங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று கேளுங்கள். படித்த துறையிலேயே வேலை, கற்றுக்கொள்ள ஆள் இருக்கிறார்கள் என்றால் சென்னைக்குப் போகலாம். சம்பந்தமில்லாத அழைப்பு மைய வேலைக்காகப் போவதென்றால் ஊரிலேயே இருந்து கட்டுவது மேல்.

டெல்டாவில் பொறியியல் படித்தவர்களுக்கு வேலை குறைவு என்பது உண்மைதான். 2020-ல் இந்தப் பகுதி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆனது. நிலத்துக்கு அது தேவையான பாதுகாப்பு, அதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் வேலை தேடுகிறவர்கள் டெல்டாவின் மேற்கு ஓரத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. திருச்சி பெல் ஆலையைச் சுற்றித் திருவெறும்பூர், துவாக்குடி பக்கம் இருக்கிற பட்டறைகளும் ஃபேப்ரிகேஷன் நிறுவனங்களும்தான் எனக்குக் கைகொடுத்தன.

அப்ரண்டிஸ் பயிற்சியைப் பலர் கேவலமாக நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். மத்திய அரசின் தேசியத் தொழிற்பழகுநர் திட்டத்தில் பட்டதாரிக்கு ஒரு வருடப் பயிற்சி. 2023-ல் நான் சேர்ந்தபோது உதவித்தொகை 9,000. பாபநாசத்தில் ரயில் ஏறினால் திருவெறும்பூரில் இறங்கலாம், சீசன் டிக்கெட்டில் போய் வந்தேன். 4,500 கடனுக்குப் போனது. மீதியில் சாப்பாடும் மற்றதும். இறுக்கமான வருடம். ஆனால் அந்தப் பயிற்சிச் சான்றும் வெல்டிங் வரைபடம் படிக்கத் தெரிந்ததும்தான் பக்கத்து நிறுவனத்தில் வேலை வாங்கித் தந்தன. படிப்பு முடித்துச் சில வருடத்துக்குள், அதுவும் ஒருமுறைதான் இதில் சேர முடியும், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். பெல், நெய்வேலி நிலக்கரி நிறுவனம் போன்றவையும் வருடந்தோறும் ஆள் எடுக்கின்றன.

கொள்முதல் நிலையங்களில் பருவகாலப் பட்டியல் எழுத்தர் வேலைக்கு நுகர்பொருள் வாணிபக் கழகம் ஆள் எடுக்கும்போது போடலாம். பருவம் முடிந்தால் வேலையும் முடியும், ஆனால் வீட்டுக்குப் பக்கம். அரசின் வேலையற்றோர் உதவித்தொகையை நம்ப முடியாது. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், அதுவும் பதிவு செய்து ஐந்து வருடம் கழித்து, பொறியியல் போன்ற தொழிற்கல்விப் பட்டதாரிகளுக்கு இல்லை.

தாய்மாமா சொன்ன குரூப் 4-ஐப் பற்றி. அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, அவரே அரசு ஊழியர். ஆனால் 2022 குரூப் 4 தேர்வுக்கு 7,301 இடம் என்று அறிவித்தபோது சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு வருடம் வேறு எதுவும் செய்யாமல் படித்தால் கடனில் ஒரு லட்சத்துக்கு மேல் வட்டி ஏறும். அதோடு தனியார் பயிற்சி மையக் கட்டணமும் சேரும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசமாக வகுப்பு நடக்கிறது. காலையில் வேலை, மாலையில் படிப்பு என்று வைத்துக்கொண்டு, வட்டி அளவாவது கட்டிக்கொண்டே எழுதலாம்.

வெளிநாடு போவது நம் மாவட்டங்களுக்குப் புதிதல்ல. ஒவ்வொரு தெருவிலும் சிங்கப்பூர் பணத்தில் கட்டிய ஒரு வீடாவது இருக்கும். எனக்குக் கவலை ஏஜென்ட் பணத்தில்தான். பதிவு பெற்ற ஏஜென்ட் வெளிநாட்டு வேலைக்கு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கேட்டால், அதையும் வட்டிக்கு வாங்கிக் கொடுத்தால், 83 காசு வட்டிக் கடனுக்காக மூன்று ரூபாய் வட்டிக் கடன் வாங்கியதாகிவிடும். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்டின் உரிம எண்ணைப் பாருங்கள். சுற்றுலா விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்கிறவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

சொந்தத் தொழிலைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்கு அதில் அனுபவம் இல்லை. மாவட்டத் தொழில் மையத்தில் மாநில அரசின் வேலையற்ற இளைஞர் திட்டத்துக்கு 25 சதவீத மானியம், பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறப் பெண்களுக்கு 35 சதவீதம் வரை மானியம். உணவு பதப்படுத்துவதில் ஆர்வம் இருந்தால் தஞ்சாவூரிலேயே தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். கல்விக்கடன் கணக்கு ஒழுங்காக இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

ஏற்கெனவே வருடக்கணக்கில் நின்றுபோன கடனா?

அப்படிப்பட்டவர்களுக்கு மக்கள் நீதிமன்றம் ஒரு வழி. வட்டியில் கணிசமாகக் குறைத்துச் சமரசம் பேசுவார்கள். கட்டணம் இல்லை. அங்கே போடும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஆகவே கட்ட முடியாத தொகைக்கும் தேதிக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். சமரசத்தில் முடித்த கணக்கு சிபிலில் முழுமையாக அடைத்ததாகக் காட்டாது, சமரசம் என்றே நிற்கும். அடுத்த கடனுக்கு அது தடையாகலாம். முப்பது வயது தாண்டி, வேலை ஒன்றில் நிலைத்து, கையில் ஒரு தொகை சேர்ந்தவர்களுக்கு இது பொருந்தும். சித்தப்பா மகளைப் போலத் தவணையே தொடங்காதவர்களுக்குப் பொருந்தாது. எந்த வழியில் முடித்தாலும் கடன் பாக்கி இல்லை என்ற சான்றைக் கையில் வாங்காமல் கிளையை விட்டு வராதீர்கள்.

அவளுடைய கடிதத்தை நேற்று இரவு சேர்ந்து எழுதினோம். கணக்கு எண், படிப்பு முடித்த தேதி, விண்ணப்பித்த 23 நிறுவனங்களின் பட்டியல், அவற்றில் மூன்றில் நேர்முகம் போனது. கேட்பது மூன்று: தவணையை ஆறு மாதம் தள்ளிவைக்க வேண்டும், கெடுவை 15 வருடமாக்க வேண்டும், முதல் இரண்டு வருடம் வட்டி அளவுக்கு மட்டும் தவணை வேண்டும். இவை முடியாவிட்டால் எது முடியும் என்பதை எழுத்தில் தரவும் என்று கடைசி வரி. சித்தப்பாவும் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவரும் அவளும் நானும் போகிறோம். இரண்டு நகல், ஆதார், வருமானச் சான்று, கணக்குப் புத்தகம் எல்லாம் ஒரு மஞ்சள் பையில் எடுத்து வைத்திருக்கிறாள். நகைப் பெட்டி பீரோவுக்குத் திரும்பிப் போய்விட்டது.